வெள்ளத்தில் நின்ற பழைய வாஷிங் மெஷின்: சரிபண்ணலாமா, இரும்புக் கடைக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் அம்மா 1993இல் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய வீடியோகான் இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது ஒரு ராத்திரி முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றது. அதற்கப்புறம் பின்பக்கத்து சிமென்ட் ஷீட் சாய்ப்பில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. போன மாதம் ஒரு மெக்கானிக் வந்து பிளக்கைச் சொருகிப் பார்த்தார். துவைக்கிற பக்கம் 'ம்ம்' என்று சத்தம் வருகிறதே தவிர சுற்றவில்லை. பிழிகிற பக்கம் சத்தமே இல்லை. எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் ஆகும் என்கிறார். தம்பி, பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்கிறான். அம்மாவுக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு அவசரம். அந்த மெஷினை இனி யாரும் பிளக்கில் சொருகிப் பார்க்க வேண்டாம். மோட்டார் சுற்றாமல் 'ம்ம்' என்று மட்டும் நிற்கிறது என்றால், ஓடும்போது இழுக்கிற கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், நல்லதாக இருந்தாலும் சில நிமிஷத்தில் கருகிப் போகும். அதோடு வெள்ளச் சேறு உள்ளே காய்ந்து கிடக்கிற மெஷினின் தகர உடம்பில் கரன்ட் கசியுமா என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் அம்மா நடமாடுகிறார். வயரைச் சுருட்டிக் கட்டி வைத்துவிடுங்கள். நான் கீழே சொல்கிற முதல் இரண்டு சோதனைக்கும் கரன்ட்டே வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் மோட்டாரிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் பழைய மெஷின் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது மோட்டார் இல்லை. மோட்டாரை மாற்றலாம், காயில் கட்டலாம், பெல்ட்டும், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டன்சரும் எந்த ஊரிலும் கிடைக்கும். மாற்ற முடியாதது இரண்டே: கீழே இருக்கிற தகர அடிப்பாகம், மேலே இருக்கிற பிளாஸ்டிக் தொட்டி. முப்பது வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு அந்த இரண்டும் புதுசாக எங்கேயும் வாங்க முடியாது. வீடியோகான் கம்பெனியே 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. கம்பெனி சர்வீஸ், ஒரிஜினல் பார்ட்ஸ் என்று தேடி அலைய வேண்டாம். மற்ற பாகங்களுக்கு வெளிக் கம்பெனி பார்ட்ஸ் பொருந்தும், அதில் கவலை இல்லை.

சரி, அடிப்பாகத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். பின்பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு எடுத்த படம். வலது பின் மூலையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதற்குக் கீழே துரு செதில் செதிலாக நிற்கிறது. பிழிகிற மோட்டார் உட்கார்ந்திருக்கிற பக்கம் அதுதான். அந்த மோட்டாரும் தொட்டியும் சேர்ந்து நிமிஷத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் சுற்றும். ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்தால் மொத்த மெஷினும் உதறும். அந்த உதறலையெல்லாம் தாங்குவது அந்த மூலைத் தகரம்தான்.

ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினைப் பக்கவாட்டில் மெத்தென்று ஒரு பழைய பாய் மேல் சாயுங்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டும், கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். துரு இருக்கிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். செதில் உதிர்ந்து கீழே கெட்டியான தகரம் தட்டுப்பட்டால் பிழைத்தது. முனை உள்ளே இறங்கினால், எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். மோட்டாரைத் தாங்குகிற ஸ்பிரிங், போல்ட்டு இருக்கிற இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தால் சமாளிக்கலாம். போல்ட்டு ஓட்டையைச் சுற்றியே பொத்தலாகிவிட்டதென்றால் பிழிகிற பக்கத்தை மறந்துவிடுங்கள். அதற்கு மேல் யார் எத்தனை ரூபாய் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சின்னப் பொத்தலுக்கு வெல்டிங் வைக்கிறேன் என்று சொல்வார்கள். இந்தத் தகரம் மெல்லியது. துரு தின்றபிறகு இன்னும் மெல்லிசு. வெல்டிங் சூட்டில் ஓட்டை பெரிதாகும், பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கும் இளகும். ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, ஒரு துண்டு வெட்டி, உள்பக்கம் வைத்து ரிவெட் அடிப்பதுதான் சரியான வழி. கார், வேன் டிங்கர் வேலை செய்கிற பட்டறைக்காரர் யாராவது அரை நாளில் செய்து கொடுப்பார். துருவைச் சுத்தமாகச் சுரண்டி, துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அது காய்ந்தபிறகு எனாமல் இரண்டு கோட். துரு மேலேயே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அடுத்தது தொட்டி. வெள்ளத்தை விட நாலு வருஷ வெயில்தான் உங்கள் மெஷினுக்குக் கெடுதல் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் பிணைப்பு அறுந்து, மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். ஒரு கறுப்புத் துணியால் தொட்டி விளிம்பை அழுத்தித் துடையுங்கள். லேசாக வெள்ளை ஒட்டினால் பரவாயில்லை, மேல்தோல் மட்டும்தான். மாவு மாதிரி கொட்டினால், அல்லது விளிம்பைக் கட்டை விரலால் வளைக்கும்போது 'கிரிக்' என்று சத்தம் வந்தால், அது நொறுங்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. பிறகு தொட்டியின் அடியில் வெளிச்சம் அடித்து, முடி மாதிரி கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வெளியே போகிற வாய், அடியில் சுற்றுகிற பல்சேட்டர் உட்கார்ந்திருக்கும் குழி, இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் விடும்.

கீறல் இருந்தால் அரால்டைட், ஃபெவிக்விக் எதுவும் வேண்டாம். பாலிபுரொப்பிலீனில் பசை பிடிக்காது. நாலு தடவை துவைத்தால் உரிந்து வந்துவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்டுகிற பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவர்கள் இருக்கிறார்கள், கார் பம்பர் ஒட்டுகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு விரல் நீளக் கீறல் என்றால் செய்யலாம். தொட்டியே நொறுங்குகிறது என்றால் அதோடு முடிந்தது, மோட்டாரைத் திறக்கவே வேண்டாம்.

இந்த இரண்டிலும் தேறினால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் அவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

துவைக்கிற பக்கம் 'ம்ம்' என்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் புல்லியைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இலகுவாகச் சுற்றினால் கோளாறு பெரும்பாலும் கண்டன்சர்தான். 150 ரூபாய் விஷயம். மேலே எழுதியிருக்கிற அதே எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) அளவில் வாங்க வேண்டும், துவைக்கிற மோட்டாருக்குப் பெரும்பாலும் 10 இருக்கும். ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்ற மோட்டார் இலகுவாகச் சுற்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேறு புகுந்து, ஷாஃப்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். அப்படியானால் மோட்டாரைத் தனியாக இறக்கி, பிரித்து, சேற்றைச் சுத்தம் செய்து, பேரிங்கோ புஷ்ஷோ மாற்ற வேண்டும். காயிலை நன்றாக உலர்த்த வேண்டும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் இரண்டு நாள் வைத்தாலே போதும். அப்புறம் மெகர் என்கிற கசிவு பார்க்கும் மீட்டரை வைத்து காயிலுக்கும் உடம்புக்கும் இடையே கசிவு பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தக் காயிலை நம்பக் கூடாது.

காயில் போயிருந்தாலும் உடனே புது மோட்டார் வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து மோட்டாரில் செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். இப்போது மலிவாகக் கிடைக்கிற மாற்று மோட்டார்கள் பலவற்றில் இருப்பது அலுமினியம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் எங்கே பார்த்தாலும் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகள் இருக்கின்றன. ஷாஃப்ட் தேயாமல் இருந்தால் அந்தப் பழைய மோட்டாருக்கே செம்புக் கம்பியில் காயில் கட்டிவிடுங்கள். அது நன்றாக உழைக்கும். கட்டியதும் வார்னிஷ் போட்டுக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள், இதைச் சில கடைகளில் விட்டுவிடுகிறார்கள்.

பிழிகிற பக்கம் சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு நீங்கள் பயந்திருப்பீர்கள். படத்தில் பார்த்தால் அந்தப் பக்கத்து மூடியின் கீல் ஒடிந்து மூடி சரிந்து கிடக்கிறது. மூடி சரியாக உட்கார்ந்தால்தான் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் சேர்ந்து மோட்டாருக்குக் கரன்ட் போகும். மூடி உட்காரவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருந்தாலும் சத்தம் வராது. அல்லது அந்த சுவிட்ச்சே துருப்பிடித்திருக்கலாம். டைமரும் காரணமாக இருக்கலாம். இதெல்லாம் நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வேலை. அங்கேயும் மோட்டாரை இறக்கி அதே மாதிரி சேறு பார்க்கத்தான் வேண்டும், அது தப்பாது.

இங்கே ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். மூடி கிடைக்கவில்லை, சுவிட்ச்சை "டைரக்ட் கொடுத்துடறேன்" என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டைரக்ட் கொடுத்தால் மூடி திறந்திருக்கும்போதே தொட்டி சுற்றும். முழு வேகத்தில் சுற்றுகிற தொட்டியில் சேலை முந்தானையோ துப்பட்டாவோ சிக்கினால் கை முறிந்துவிடும். மூடியைத் திறந்ததும் சில விநாடிக்குள் தொட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பிரேக் கட்டையும் பிரேக் ஒயரும் மாற்ற வேண்டும். அளவெடுத்து அக்ரிலிக் தகட்டில் மூடி செய்து, பழைய கீலுக்குப் பதில் ஸ்டீல் கீல் வைத்துக்கூட நான் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் வேலை செய்கிறது. சுவிட்ச்சை அமுக்குகிற அந்த நாக்கு மட்டும் சரியான இடத்தில் வர வேண்டும்.

இன்னொரு படத்தில், துவைக்கிற தொட்டிக்கு அடியிலிருந்து கியர் பாக்ஸ் வழியாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கி மோட்டார் மேலேயே முடிகிறது. அது வெள்ளத்தில் வந்தது இல்லை. வெள்ளத் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும், இது மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக் காய்ந்த உப்பு. அதாவது வெள்ளத்துக்கு முன்பே பல்சேட்டர் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. பல்சேட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் சீல் மட்டும் மாற்றலாம். தடதடவென்று ஆடினால் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும். உங்கள் மெக்கானிக் சொன்ன 4,500இல் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராவிட்டால், புது மோட்டார் மேல் அதே உப்புத் தண்ணீர் சொட்டும், ஒரு வருஷத்தில் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

இந்த உப்பு நம் பக்கத்து மெஷின்களுக்கு எல்லாம் பொதுவான நோய். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலைக் கழிவு இறங்கிய இடங்களில் போர் தண்ணீரில் ஓடிய மெஷினைத் திறந்தால் உள் தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் பாறை மாதிரி கட்டியிருக்கும். உங்களுடையதில் அந்த அளவு இல்லை. தொட்டியில் வெந்நீர் ஊற்றி, மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பு நூறு கிராம் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டால் போதும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஊற்ற வேண்டாம், உள்ளே இருக்கிற இரும்பையெல்லாம் அரித்துவிடும். எலுமிச்சை உப்போடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ரப்பர் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். டிரெயின் ஹோஸ், பிழிகிற தொட்டியின் அடியில் இருக்கிற மடிப்பு ரப்பரான பெல்லோ சீல், பெல்ட், எல்லாம் புதுசு. உள்ளே ஓடுகிற வயர்களும் அப்படித்தான். விரலால் வளைத்தால் மேல் உறை வெடிக்கிற வயர், எலி கடித்த வயர், மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். மெயின் கார்டு மூன்று கம்பியாக இருக்க வேண்டும், எர்த் கம்பி தகர உடம்பில் சுரண்டிய இடத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். கரன்ட் கசிந்தால் உடனே தானாகத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் இல்லை என்றால், மெஷினுக்கு முன் அதை வையுங்கள். இந்தச் செலவில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

இப்போது தம்பி சொல்வதற்கு வருகிறேன். புதுசு வாங்கினால் கரன்ட் மிச்சமாகும் என்பது அவருடைய வாதமாக இருந்தால், அது இந்த மெஷினுக்குப் பொருந்தாது. இதில் ஹீட்டர் கிடையாது. 350 வாட் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தினமும் ஓட்டினாலும் இரண்டு மாதத்தில் அரசு தருகிற இலவச யூனிட்டில் அது ஒரு ஓரம். தண்ணீர்க் கணக்கில் இன்னும் லாபம். முதலில் வெள்ளைத் துணி, அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, அப்புறம் லுங்கி, கடைசியில் மிதியடி என்று ஒரே தண்ணீரை நாலு தடவை ஓட்டலாம். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தில் மொண்டு ஊற்றியும் துவைக்கலாம். தானாகவே எல்லாம் செய்கிற மெஷின் இதைச் செய்யாது.

ஆனால் தம்பி இன்னொரு விஷயத்தை யோசித்துச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்த மெஷினில் துவைக்கப் போவது யார்? இரட்டைத் தொட்டியில் ஈரத்துணியைக் குனிந்து எடுத்து அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஈரப் போர்வை என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவுக்குத் தோள்பட்டை வலியோ மூட்டு வலியோ இருந்து, வீட்டில் துவைக்கிற வேலை அவர் தலையில்தான் விழுகிறது என்றால், இந்த மெஷினை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் அது அவருக்குச் செய்கிற நல்லது இல்லை. அம்மாவிடமே கேளுங்கள். அவருக்கு மனசு வராதது மெஷின் போகிறதே என்றா, அதில் துவைக்க முடியாமல் போகிறதே என்றா? இரண்டுக்கும் பதில் வேறு. மெஷின் போகிறதே என்பதுதான் வருத்தம் என்றால், கண்ட்ரோல் பேனலையும் அந்தப் பெயர்த் தகட்டையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை இரும்புக் கடைக்கு அனுப்பலாம், அதில் தப்பே இல்லை.

துவைக்கத்தான் என்றால் என் முடிவு இது. ஸ்க்ரூ டிரைவர் சோதனையில் அந்த மூலை தேறினால், தொட்டி நொறுங்காமல் இருந்தால், சரிபண்ணுங்கள். படங்களைப் பார்த்தவரை தேறும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு ஏழு கிலோ இரட்டைத் தொட்டி மெஷின் புதுசாக ஒன்பது, பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல், அதாவது ஐந்தாயிரத்துக்கு மேல் இதில் போடாதீர்கள். டிங்கர் வேலையும் பெயின்ட்டும் அதற்குள் அடங்க வேண்டும். மூலை தேறாமல் தொட்டி மட்டும் தேறினால் இன்னொரு வழி உண்டு: பிழிகிற மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, துவைக்கிற பக்கத்தை மட்டும் இரண்டாயிரத்துக்குள் சரிசெய்து, மிதியடி, திரைச்சீலை, போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையால் பிழிய வேண்டியிருக்கும். தம்பி பிழியட்டும்.

மெக்கானிக்கிடம் மொத்தமாக 4,500 என்று பேசாதீர்கள். முதலில் துவைக்கிற பக்கம், அது ஓடிய பிறகு பிழிகிற பக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் விலை தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய மோட்டார், செம்புக் காயில் எல்லாம் உங்களுடையது. அதற்கு எடைக்குப் பணம் வரும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாகி வந்தால் திரும்ப அந்த சாய்ப்பில் வைக்க வேண்டாம். வெயில் படாத இடத்தில், தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ சிமென்ட் கல்லோ வைத்து மட்டம் பார்த்து நிறுத்துங்கள். முதல் இரண்டு துவையல் துணியில்லாமல் வெறும் தண்ணீரில் ஓட்டி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவையுங்கள். எங்கே நனைகிறது என்று பார்த்து, மெக்கானிக் பணம் வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அவரிடம் காட்டிவிடுங்கள்.